சேத்துல மாட்டின வண்டியும் நாலு தென்னை மட்டையும்

ஐப்பசி பிறந்துட்டா என் போனுக்கு ஒரு தனி வேலை வந்துடும். "அண்ணே, வாய்க்கா திருப்பத்துல ஒரு காரு எறங்கிடுச்சு, டிராக்டர எடுத்துட்டு வர்றீங்களா?" மழைக்காலம் முடியறதுக்குள்ள இப்படி நாலஞ்சு தடவையாவது கூப்பிட்டுடுவாங்க. தீபாவளிக்கு வந்த சொந்தக்காரங்க, துக்கத்துக்கு வந்தவங்க, போன்ல மேப்பைப் பாத்துக்கிட்டே குறுக்கு வழியில நுழைஞ்சவங்கன்னு எல்லா வகையும் அதுல உண்டு. வெளியூர்ல இருந்து கிராமத்துக்கு கார்ல வர்றவங்களுக்கு உபயோகமா இருக்கும்னுதான் இந்தப் பதிவு. உள்ளூர்க்காரங்களும் படிக்கலாம், தப்பில்ல.

மொதல்ல மண்ணப் பத்தி. எங்க டெல்டா மண்ணு களி. வெயில் காலத்துல கடப்பாரை போட்டாலும் 'டங்'குன்னு திருப்பி அடிக்கும். அதே மண்ணு ரெண்டு நாள் அடைமழைக்கு அப்புறம் அல்வா மாதிரி ஆயிடும். சம்பாவுக்கும் தாளடிக்கும் அந்த மண்ணுதான் சோறு போடுது, அதனால குறை சொல்றதுக்கில்ல. ஆனா கார் டயருக்கு அது ஆகாது. டயர்ல இருக்குற பள்ளம் மேடெல்லாம் களி அப்பி அடைச்சுக்கும். அப்புறம் அது டயர் இல்ல, எண்ணெய் தடவின உருளை.

இதுல இப்ப புதுசா ஒரு தொல்லை சேந்திருக்கு. தார் ரோட்டு ஓரமா குடிதண்ணி குழாய் பதிக்கறதுக்காக பள்ளம் தோண்டி, குழாயைப் போட்டு, தோண்டின மண்ணையே மேல தள்ளி மூடிட்டுப் போயிருப்பாங்க. யாரும் திமுசு போட்டு இடிச்சிருக்க மாட்டாங்க. மேல புல்லு மொளைச்சு பாக்குறதுக்கு நல்ல தரை மாதிரியே இருக்கும். ஒரு மழை பெஞ்சா உள்ள பொதபொதன்னு ஆயிடும். எதிர்ல பஸ் வருதுன்னு நம்ம ஆளு மரியாதையா எடப்பக்கம் ஒதுங்குவாரு, ரெண்டு சக்கரமும் சத்தமில்லாம உள்ள போயிடும். அதனால மழை நாள்ல தார விட்டு கீழ எறங்காதீங்க. எதிர்ல பெரிய வண்டி வந்தா எடம் அகலமா இருக்குற வரைக்கும் பின்னாடி போங்க, இல்லன்னா தார் மேலயே நில்லுங்க. பஸ் டிரைவர்களுக்கு அந்த ரோடு தெரியும், எப்படியோ வளைச்சு எடுத்துட்டுப் போயிடுவாங்க.

சரி, மாட்டிக்கிச்சு. இப்ப என்ன செய்யறது?

நூத்துக்கு தொண்ணூறு பேரு மொதல்ல செய்யறது ஆக்ஸிலேட்டர மிதிக்கிறதுதான். மிதிக்க மிதிக்க சக்கரம் சுத்தும், மண்ண வாரி பின்னாடி எறியும், வண்டி இன்னும் ஒரு சாண் எறங்கும். கடைசில அடிப்பாகம் தரையில உக்காந்துடும். அப்புறம் நாலு சக்கரமும் அந்தரத்துல தொங்குற கதைதான், பத்து பேரு தள்ளினாலும் அசையாது.

ஏன் இப்படின்னு தெரிஞ்சுக்கிட்டா மிதிக்கத் தோணாது. கார்ல இஞ்சின் இழுவை ரெண்டு சக்கரத்துக்கும் டிஃபரன்ஷியல் வழியா போகுது. வளைவுல திரும்பும்போது வெளிச் சக்கரம் கூடவும் உள் சக்கரம் கொறைச்சலாவும் சுத்தணும்ல, அதுக்கு வச்ச ஏற்பாடு. ஆனா ஒரு சக்கரம் சேத்துலயும் இன்னொண்ணு நல்ல தரையிலயும் இருந்தா, எது லேசா சுத்துதோ அதுவே எல்லாத்தையும் சுத்திடும். தரையில இருக்குற சக்கரம் சும்மா நிக்கும். டிராக்டர்ல இதுக்குன்னே காலடியில டிஃபரன்ஷியல் லாக் பெடல் இருக்கு. அத மிதிச்சா ரெண்டு சக்கரமும் ஒண்ணாப் பூட்டிக்கும். சாதாரண கார்ல அது கிடையாது. அதனால சக்கரம் சும்மா சுத்துதுன்னு தெரிஞ்ச அந்த நொடியே கால எடுத்துடுங்க. ஆரம்பத்துல நாலு விரக்கட பள்ளம்தான் இருக்கும். அதுலேந்து வெளிய வர்றது சுலபம்.

கால எடுத்தாச்சா? எறங்கி ஒரு சுத்து சுத்திப் பாருங்க. எந்தச் சக்கரம் பொதைஞ்சிருக்கு, அடியில கல்லு மண்ணு தட்டுதா, சைலன்சர் வாய் சேத்துக்குள்ள இருக்கா. ஸ்டியரிங்க நேரா வைங்க, திரும்பின சக்கரம் மண்ண மதில் மாதிரி தள்ளிக்கிட்டு நிக்கும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மண்வெட்டியால சரிவா வெட்டி விடுங்க. அப்புறம் அடியில ஏதாவது கொடுக்கணும். எங்க ஊர்ல எங்க பாத்தாலும் கெடைக்கிறது தென்னை மட்டை. கீத்தோட இருக்குற பச்சை மட்டைய குறுக்கால போட்டு சக்கரத்துக்கு அடியில நல்லா குத்தித் தள்ளணும். செங்கல் ஒடைசல், ஜல்லி, பழைய சாக்கு எல்லாம் ஆகும். வைக்கோல் பலரும் போடுவாங்க. ஈர வைக்கோல் கொஞ்சம் பிடிப்பு கொடுக்கும், ஆனா காய்ஞ்ச வைக்கோல் சூடான சைலன்சர்ல பட்டா தீப்பிடிக்கும். போர் போராப் போடாதீங்க.

முன்னால போகணும்னு அடம் பிடிக்காதீங்க. வந்த தடத்துலயே பின்னால எடுக்கறது பெரும்பாலும் சுலபம். அந்தத் தடம் ஏற்கனவே அமுங்கியிருக்கும். முன்னால போறதா இருந்தா ரெண்டாவது கியர்ல, கிளட்ச மெதுவா விட்டு, ஆக்ஸிலேட்டர தொட்டும் தொடாமலும் எடுக்கணும். மொதல் கியர்ல இழுவை கூட, அதுவே சக்கரத்த சுத்த விட்டுடும். இன்னும் வரலன்னா காத்த எறக்குங்க. 30, 32 பி.எஸ்.ஐ. இருக்குற டயர 20 வரைக்கும் எறக்கினா டயர் பரந்து உக்காரும், பிடிப்பு கூடும். வெளிய வந்ததும் மெதுவா ஓட்டிப் போய் பக்கத்துல காத்து அடிச்சுக்கணும், அப்படியே பைபாஸ்ல பறக்கக் கூடாது. தள்ளுறவங்க சக்கரத்துக்கு நேர் பின்னாடி நிக்கக் கூடாது. சக்கரம் பிடிக்கிற நேரத்துல மட்டையும் கல்லும் அம்பு மாதிரி பின்னால வரும்.

இதெல்லாம் வண்டியப் பத்தின விஷயம். வண்டிய விட முக்கியமான ஒண்ணு இருக்கு. போன கார்த்திகையில நடந்தது.

எங்க தெருவுல ஒரு அத்தைக்கு ரெண்டு சிறுநீரகமும் வேலை செய்யல. வாரத்துக்கு ரெண்டு தடவை டவுனுக்குப் போய் டயாலிசிஸ் பண்ணிக்கணும். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். அது மாத்திரை மாதிரி இல்ல, இன்னிக்கு விட்டத நாளைக்குச் சேத்துப் போட்டுக்க. உடம்புல தண்ணி தங்கும், நுரையீரலுக்கு ஏறினா மூச்சு முட்டும். ரத்தத்துல பொட்டாசியம் கூடினா இதயமே நின்னு போகலாம். மழை பெய்யுது, ரோடு சரியில்லன்னு தள்ளிப் போடுற விஷயமே இல்ல.

அன்னிக்கு மூணாவது நாளா மழை. காலைல எட்டு மணிக்கு அத்தையையும் மாமாவையும் ஏத்திக்கிட்டு வாடகைக் கார் கெளம்பிச்சு. அறுப்பு மிஷின் ஏத்தின லாரி ஒண்ணு எதிர்ல வர, டிரைவர் தம்பி ஒதுங்க, எடப்பக்கம் ரெண்டு சக்கரமும் அந்தக் குழாய்ப் பள்ளத்துல எறங்கிடுச்சு. கதவத் தொறந்தா வாசப்படி அளவுக்கு சேறு. எனக்கு போன் வந்து நான் டிராக்டரோட போறப்ப அங்க பத்து பதினஞ்சு பேரு. எல்லாரும் காரச் சுத்தி நிக்கிறாங்க. ஒருத்தர் மட்டை வெட்டுறாரு, ஒருத்தர் தள்ளுறாரு, ரெண்டு பேரு டிரைவர திட்டுறாங்க. அத்தை உள்ளயே உக்காந்திருக்கு. கால் ரெண்டும் வீங்கியிருக்கு.

மேலத்தெரு பெரியப்பா கொடைய மடக்கிக்கிட்டே கேட்டாரு: "ஏம்ப்பா, அவசரம் காருக்கா, உள்ள இருக்குற பொம்பளைக்கா?"

கேட்ட கேள்வி அவ்ளோதான். அதுக்கப்புறம் வேலை சரியான வரிசையில நடந்துச்சு. மாமா டயாலிசிஸ் சென்டருக்கு போன் போட்டு, வண்டி மாட்டிக்கிச்சு, எவ்வளவு நேரத்துக்குள்ள வரலாம்னு கேட்டாரு. பத்தரைக்குள்ள வந்துட்டா மிஷின் ஒதுக்கித் தர்றதா சொன்னாங்க. மெயின் ரோட்டுக்கு இன்னொரு காருக்குச் சொல்லியாச்சு. பக்கத்து வீட்டுலேந்து ஒரு பிளாஸ்டிக் சேர் வந்துச்சு. அத்தைய அதுல உக்கார வச்சு, நாலு பேரு தூக்கி, சேத்தத் தாண்டி தார்ல கொண்டு வந்து என் தங்கச்சி மகன் ஆட்டோவுல ஏத்தினோம். அந்த நெலமையிலயும் அத்தை, "கல்யாணத்துக்குக் கூட என்ன இப்படித் தூக்கல"ன்னுச்சு. மாமா சிரிக்கல. பையில மருந்துச் சீட்டு இருக்கான்னு மூணாவது தடவையாப் பாத்துக்கிட்டிருந்தாரு. மெயின் ரோட்டுல கார் மாறி பத்து மணிக்கெல்லாம் போய்ச் சேந்துட்டாங்க.

அன்னிக்கு அந்த ஆட்டோ இல்லன்னா 108-க்குத்தான் கூப்பிட்டிருக்கணும். உங்க வண்டியில முடியாதவங்க, பிரசவத்துக்கு இருக்குறவங்க, கைப்பிள்ள யாராவது இருந்தா இத மனசுல வச்சுக்குங்க. கார் நாலு மணி நேரம் சேத்துல கெடந்தா ஒண்ணும் ஆகாது. மொதல்ல ஆள அனுப்புங்க.

அதுக்கப்புறம் காருக்கு வந்தோம். இங்கதான் ஜாக்கிரதையா இருக்கணும். பையன் ஒருத்தன் சங்கிலிய எடுத்துட்டுப் போய் முன்பக்க பம்பர்ல மாட்டப் பாத்தான். இப்ப வர்ற காருக்கெல்லாம் பம்பர் வெறும் பிளாஸ்டிக், இழுத்தா பம்பர் மட்டும்தான் வரும். பம்பர்ல சதுரமாவோ வட்டமாவோ ஒரு சின்ன மூடி இருக்கும், அதத் தொறந்தா உள்ள மறை வச்ச ஓட்டை. ஜாக்கி, ஸ்பானரோட ஸ்டெப்னி பக்கத்துல ஒரு இரும்பு வளையம் கொடுத்திருப்பாங்க. அத அந்த ஓட்டையில முழுசா முடுக்கி அதுல கட்டணும். சில வண்டியில இடம் சுத்தி முடுக்கற மறை. உங்க கார்ல அந்த மூடி எங்க இருக்குன்னு இன்னிக்கே பாத்து வச்சுக்குங்க. கொட்டுற மழையில குனிஞ்சு தேடுறது கொடுமை.

டிராக்டர் பக்கத்துல கயிறு எப்பவும் கீழ, டிராபார்லதான் கட்டணும். டாப் லிங்க்லயோ, சீட்டுக்குக் கீழ உயரமாவோ கட்டினா, பொருள் அசையாம டிராக்டர் மட்டும் இழுக்கறப்ப பின் சக்கரம் ஊனிக்கிட்டு முன்பக்கம் குதிரை மாதிரி எழும்பும். எழும்பி பின்னால கவுற ரெண்டு செகண்டு கூட ஆகாது, குதிச்சு எறங்க நேரம் கெடைக்காது. ஒரு மரத்து வேரப் பிடுங்கப் போய் அப்படி உசுர விட்டவங்க இருக்காங்க. கியர் லோ-வுல இருக்கணும். கயித்த மொதல்ல மெதுவா விறைப்பாக்கி அப்புறம்தான் இழுக்கணும். வெடுக்குன்னு இழுத்தா கயிறு அறும், இல்லன்னா கொக்கி பிடுங்கிக்கிட்டு வரும். நைலான் கயிறு ரப்பர் மாதிரி நீண்டு, அறுந்தா சாட்டையா வந்து அடிக்கும். கயித்து நடுவுல ஒரு ஈரச் சாக்கப் போட்டு வச்சா, அறுந்தாலும் வேகம் அடங்கி கீழ விழும். வேடிக்கை பாக்குறவங்க எல்லாரையும் கயித்து நீளத்துக்கு மேல தள்ளி நிக்க வைங்க. கொழந்தைங்கள வீட்டுக்கே அனுப்பிடுங்க.

கார்ல டிரைவர் மட்டும் இருக்கணும். ஹேண்ட் பிரேக்க எடுத்துட்டு, இஞ்சின ஓட விட்டு, ஸ்டியரிங்க நேரா பிடிச்சுக்கிட்டா போதும். அன்னிக்கு அந்தத் தம்பி அப்படித்தான் உக்காந்திருந்தான். நான் நகத்துன ரெண்டாவது நிமிஷம் கார் தார்ல ஏறிடுச்சு. எல்லாருமா கை தட்டினாங்க. பெரியப்பா மட்டும் டிரைவர் தம்பிகிட்ட போய், "சக்கரத்து உள் பக்கம் ஒட்டியிருக்குற சேத்தக் கழுவிட்டுப் போ, இல்லன்னா அறுபதுல ஸ்டியரிங் ஆடும், பிரேக்க நாலு தடவை லேசா மிதிச்சுப் பாத்துட்டு அப்புறம் வேகம் எடு"ன்னாரு. சரியான பேச்சு. சக்கரத்துல ஒரு பக்கமா களி காய்ஞ்சு ஒட்டியிருந்தா வண்டி வெறயல் காய்ச்சல் கண்டவன் மாதிரி நடுங்கும்.

சேறு ஒரு விதம், ஓடுற தண்ணி வேற விதம். ஆத்துப் பாலத்துக்கு முன்னாடி தரைப்பாலம் இருக்குற ஊருங்களுக்கு இது. ஒரு அடி ஆழத்துக்கு ஓடுற தண்ணி சின்னக் காரத் தூக்கிடும், ரெண்டு அடி ஓடுற தண்ணி பெரிய வண்டியவே இழுத்துட்டுப் போயிடும். மேல தண்ணி போகும்போது கீழ பாலம் இருக்கா அரிச்சுட்டுப் போயிடுச்சான்னு கரையில நின்னு யாராலயும் சொல்ல முடியாது. போகாதீங்க, அவ்ளோதான். தேங்கின தண்ணியில இஞ்சின் நின்னு போச்சுன்னா திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீங்க. உள்ள தண்ணி போயிருந்தா பிஸ்டன் அத அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைஞ்சுடும். செலவு காருல பாதி வெலைக்கு வந்து நிக்கும். தண்ணி ஏறுதுன்னா சீட் பெல்ட்ட கழட்டி, கண்ணாடிய எறக்கி, அது வழியா வெளிய வந்துடுங்க. கதவுக்கு வெளிய தண்ணி அழுத்தும்போது கதவு தொறக்காது, கரண்ட் போச்சுன்னா கண்ணாடியும் எறங்காது.

கனடாவுல இருக்குற என் மச்சான் மகன் கிட்ட போன்ல இந்தக் கதையச் சொன்னேன். அவன் சிரிச்சான். "மாமா, இங்க சேறுக்குப் பதிலா பனி, மத்தபடி எல்லாம் அதேதான்"ன்னான். அங்கயும் மிதிக்காதேன்னுதான் மொதல்ல சொல்லித் தர்றாங்களாம். டிக்கியில சின்ன மண்வெட்டி, ஒரு மூட்டை மணல், கம்பளி, டார்ச் வச்சிருக்கான். பூனை கக்கூஸ் போறதுக்குன்னு கடையில விக்கிற மண்ணக் கூட சக்கரத்துக்கு அடியில போடுவாங்களாம். நம்ம ஊர்ல அதுக்கு ஜல்லி.

அவன் சொன்னதுல ஒண்ண மட்டும் கட்டாயம் எழுதணும்னு நெனச்சேன். பனியில மாட்டினவங்க குளிருக்காக இஞ்சின ஓட விட்டு, கண்ணாடிய ஏத்திக்கிட்டு உள்ளயே உக்காருவாங்க. சைலன்சர் வாயப் பனி மூடிட்டா புகை வெளிய போக வழியில்லாம வண்டிக்குள்ள வரும். அதுல இருக்குற கார்பன் மோனாக்சைடுக்கு நெறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலை வலிக்கும், தூக்கம் வரும், அப்புறம் எழுந்திருக்க மாட்டாங்க. 2022 ஜனவரியில பாகிஸ்தான்ல முர்ரீங்கிற மலை ஊருக்குப் பனி பாக்கப் போனவங்க ரோட்டுல மாட்டி, ராத்திரியோட ராத்திரியா கார்லயே இருபது பேருக்கு மேல செத்துப் போனாங்க. குளிரோட இந்தப் புகையும் ஒரு காரணம்னு சொன்னாங்க.

நம்ம ஊர்ல பனி இல்லதான். ஆனா சைலன்சர் வாய் சேத்துல பொதைஞ்சிருக்க, டிராக்டர் வர்ற வரைக்கும் ஏ.சி. போட்டுக்கிட்டு கொழந்தைங்களோட உக்காந்திருந்த ஒரு குடும்பத்த நானே பாத்திருக்கேன். கதவத் தட்டி இறக்கினப்ப கோவப்பட்டாங்க. விஷயத்தச் சொன்னதும் அந்தம்மா பிள்ளைங்கள கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டு எங்க வீட்டுத் திண்ணைக்கு வந்துடுச்சு. காத்திருக்கணும்னா இஞ்சின நிறுத்திடுங்க. ஓட விட்டே ஆகணும்னா சைலன்சர் வாய சுத்தம் பண்ணிட்டு, கண்ணாடியக் கொஞ்சம் எறக்கி வைங்க.

மழைக்காலத்துல டிக்கியில வச்சுக்க வேண்டியது பெருசா ஒண்ணும் இல்ல. கைப்பிடி மண்வெட்டி ஒண்ணு, நல்ல இழுவைக் கயிறு, ரெண்டு சாக்கு, டார்ச், குடிக்கத் தண்ணி, காத்து அடிக்கிற சின்ன பம்பு. கூட ஒரு அரிவாள். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்ச மறுநாள், ரோடெல்லாம் மரம் விழுந்து கெடந்தப்ப, அரிவாள் இருந்தவங்கதான் வழி பண்ணிக்கிட்டுப் போனாங்க. அதுலேந்து எங்க பக்கம் பல கார்ல அது இருக்கும். போலீஸ் கேட்டா தென்னை மட்டை வெட்டன்னு சொல்லுங்க.

டிராக்டர்க்காரருக்கு எவ்வளவு கொடுக்கறதுன்னு பலரும் கேக்குறாங்க. கேக்குற ஆளும் உண்டு, வாங்காத ஆளும் உண்டு. டீசல் செலவு அவருக்கும் இருக்கு, அதனால வேலைக்கு முன்னாடியே கேட்டுடுங்க. வாங்க மாட்டேன்னா வற்புறுத்தாதீங்க, அவர் வீட்டுல ஒரு டீ குடிச்சுட்டுப் போங்க. எங்களுக்கு அதுதான் பெருசு.

அத்தைய தூக்கிட்டு வந்த வாரத்துலயே நாங்க பத்து வீட்டுக்காரங்க சேந்து, இடிச்ச பழைய வீட்டுச் செங்கல் ஒடைசல ரெண்டு டிப்பர் அடிச்சு அந்தக் குழாய்ப் பள்ளத்துல கொட்டி, என் டிராக்டர மேல ஏத்தி இறக்கி அமுக்கிட்டோம். திருப்பத்துலேந்து மாரியம்மன் கோயில் வரைக்கும் இப்ப தரை கெட்டி. அதுக்கு அந்தாண்ட இன்னும் அப்படியேதான் கெடக்கு. மனு கொடுத்திருக்கோம். செவ்வாய், வெள்ளி காலைல எட்டு மணிக்கு அத்தை வண்டி அந்த வழியாத்தான் போகுது. அந்த ரெண்டு நாளும் மழையா இருந்தா, எட்டரை வரைக்கும் நான் டிராக்டர வயல்ல இறக்குறதில்ல. வாசல்ல நிப்பாட்டி வச்சிருப்பேன்.

நீங்க எந்த ஊருக்குப் போனாலும் சரி, போறதுக்கு முன்னாடி அந்த ஊர்ல டிராக்டர் வச்சிருக்குற ஒருத்தர் நம்பர வாங்கி போன்ல போட்டு வச்சுக்குங்க.